டேஷ்போர்டுக்குள் ஒரு பூட்டு

ஐப்பசி மழை பிடித்ததும் பத்து வருடம் ஓடிய எஸ்யூவிகளுக்குப் பேய் பிடித்தது போல ஒரு நோய் வருகிறது. பூட்டிவிட்டு மாடிப்படி ஏறுவதற்குள் சென்ட்ரல் லாக் தானாகத் திறந்துகொள்கிறது. வானம் வெளுத்த பிறகும் வைப்பர் ஓய மாட்டேன் என்கிறது. உள்விளக்கு ராத்திரி முழுக்க எரிந்து, விடிந்தால் பேட்டரி டவுன். கடைசியில் ஒருநாள் சாவியைத் திருப்பினால் மீட்டரில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் மினுக்குகிறது, செல்ஃப் எடுப்பதில்லை. தெருமுனை எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார், ஃப்யூஸ்களைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கிறார், கையை விரிக்கிறார். சர்வீஸ் சென்டரில், "பிசிஎம் போயிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். எஸ்டிமேட் ஐந்து இலக்கத்தில் வருகிறது. பேசாமல் வண்டியைத் தள்ளிவிடலாமா என்ற பேச்சு அன்று இரவே வீட்டில் எழுந்துவிடுகிறது.

"போயிடுச்சு" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது. பல சமயம் அது சோதிக்காமல் சொல்லப்படுகிற தீர்ப்பு. சோதித்தே சொன்னாலும், புதுப் பெட்டி வாங்குவதில் இல்லாத சிக்கல் அதை அந்த வண்டியோடு பேச வைப்பதில் இருக்கிறது. பேச வைக்கும் கருவியும் குறியீடும் கம்பெனியின் கையில் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிக் கிடப்பதால் வெளி மெக்கானிக்கால் சோதிக்க முடியவில்லை. சோதிக்க முடியாததால் ஊகிக்கிறார். ஊகத்தின் விலை அதிகம் என்பதால் இன்னும் பல வருடம் ஓடக்கூடிய வண்டி காயலான் கடைக்குப் போகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எடுத்துப் பார்த்தால், நோய் பெட்டியில் இருப்பதைவிட ஏற்பாட்டில்தான் அதிகம் இருக்கிறது என்பது தெரியும்.

பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கம் பிசிஎம். அம்பாசடர் காலத்தில் சுவிட்சைப் போட்டால் கம்பி வழியாகக் கரண்ட் நேராக பல்புக்குப் போனது. நடுவில் ஒரு ஃப்யூஸ், மிஞ்சினால் ஒரு ரிலே. டெஸ்ட் லாம்ப் ஒன்று கையில் இருந்தால் எந்தக் கோளாறையும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். வசதிகள் கூடக் கூடக் கம்பிகளும் கூடின. கதவின் கீல் வழியாக நுழையும் வயர்க்கட்டு மணிக்கட்டுப் பருமனை எட்டியது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்கு மாற்று தேடத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த பொறியாளர் மாநாட்டில் 'கேன்' என்ற முறையை அறிவித்தது. முறுக்கிய இரண்டே கம்பிகள். வண்டியின் எல்லாக் கணினிகளும் அவற்றின் மேல் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். 1991இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் அந்த முறையோடு சாலைக்கு வந்தது. அதன் பிறகு விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்குவது எல்லாம் ஒரே பெட்டியின் பொறுப்பாயின. நாம் தட்டுகிற சுவிட்ச் இன்று ஒரு விண்ணப்பம்தான். விளக்கை எரியவிடுவதா என்று முடிவெடுப்பது பிசிஎம். பல மாடல்களில் சாவி அசல்தானா என்று பார்க்கும் இம்மொபிலைசர் வேலையும் அதனிடமே. ஆகவே அது படுத்தால் விளக்கோடு நிற்பதில்லை, இன்ஜினும் கிளம்பாது.

சொகுசு வண்டிகளின் இந்த ஏற்பாடு நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்த காலம் நன்றாகத் தெரியும். 2012 ஜூலையில் ஒரகடம் ஆலையில் தயாரான ரெனோ டஸ்டர் 7.19 லட்சம் ரூபாய்த் தொடக்க விலையில் வந்தது. அடுத்த வருடம் ஜூனில் மறைமலை நகரின் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 5.59 லட்சத்தில் வந்தது. ஜிஎஸ்டி சாலையில் இன்றைக்கும் இரண்டையும் எண்ணிக்கொண்டே போகலாம். அவற்றின் தயாரிப்புதான் நின்றுபோனது. இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. மறைமலை நகரின் கடைசி ஈகோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அந்த டஸ்டரின் தயாரிப்பும் அதே காலவாக்கில் முடிந்தது. கேப்டிவா, டிரெயில்பிளேசர் விற்ற ஷெவர்லே 2017 முடிவிலேயே இந்தியக் கடையை மூடிவிட்டது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று போகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பிரேக் பேட் கிடைப்பது வேறு, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கணினிப் பெட்டியும் அதற்கு உயிர் கொடுக்கும் மென்பொருளும் உங்கள் மாவட்டத் தலைநகரில் கிடைப்பது வேறு.

இனி அந்தத் தீர்ப்புக்கு வருவோம். பெட்டியின் மேல் பழி போடுவது எவ்வளவு எளிது என்பதற்கு உலகறிந்த உதாரணம் 2014 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ரீகால். அமெரிக்காவில் சுமார் 24 லட்சம் கார்கள்: ஷெவர்லே மாலிபு, போன்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா. எஸ்யூவிகள் அல்ல, ஆனால் நோய் இதே நோய். பிரேக்கை மிதிக்காமலே பிரேக் விளக்கு எரியும், மிதித்தால் எரியாது. க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாது. யார் பார்த்தாலும் பிசிஎம் என்றுதான் சொல்வார்கள். பெட்டிக்குள் பழுதில்லை. அதில் செருகியிருந்த கப்ளரின் பின்கள், வண்டி அதிரும்போது ஒன்றோடொன்று உரசி உரசி அரிப்பு ஏறி, மின்தடை கூடிப் போயிருந்தன. கம்பெனி சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? கப்ளரில் மின்கடத்தாப் பசை தடவி, வயர்க்கட்டு அசையாமல் இருக்க ஒரு ஸ்பேசர் வைத்துப் பொருத்துவது. 24 லட்சம் வண்டிகளின் "பிசிஎம் கோளாறு" ஒரு கரண்டிப் பசையில் தீர்ந்தது. அந்த ரீகால் வருவதற்கு முன்பே தம் செலவில் மாட்யூலை மாற்றிக்கொண்ட உரிமையாளருக்கும் சில நாள் நிம்மதி கிடைத்திருக்கும். கப்ளரைக் கழற்றி மாட்டினாலே பின்களில் கொஞ்சம் அழுக்கு உதிர்ந்து தொடர்பு திரும்பிவிடும். பெட்டி மாற்றியதால் சரியானது என்று அவரும் நம்புவார், மாற்றியவரும் நம்புவார். இந்தத் துறையில் தவறான சிகிச்சைக்கு நற்சான்று கிடைக்கும் வழி இதுதான்.

இன்னொரு உதாரணம் அசல் எஸ்யூவிகளிலேயே இருக்கிறது. 2011ஆம் வருட ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் துராங்கோ வண்டிகளில் பிசிஎம்முக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒரு மின்பகிர்வு மாட்யூல் இருந்தது. பெட்ரோல் பம்புக்கான ரிலேயைத் தனியாகப் பிடுங்க முடியாதபடி அதன் போர்டிலேயே வைத்து ஈயப்பற்று வைத்திருந்தார்கள். ரிலேயின் முனை கெட்டது. ஓடுகிற வண்டி நடுவழியில் நின்றது, நின்ற வண்டி கிளம்ப மறுத்தது. 2014 செப்டம்பரில் க்ரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,89,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டு 2012, 2013 மாடல்களும் சேர்ந்தன. முழு மாட்யூலையும் மாற்றினார்களா என்றால் இல்லை. வெளியே தனியாக ஒரு ரிலேயும் அதற்கான வயரிங்கும் கொடுத்து, உள்ளே இருந்த கெட்ட ரிலேயைச் சுற்றிக்கொண்டு போகச் செய்தார்கள். செலவு தன் தலையில் விழும்போது கம்பெனி எப்படி யோசிக்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் தலையில் விழும்போது மட்டும் "முழு அசெம்ப்ளியாத்தான் சார் வரும்" என்ற பதில் வருகிறது.

நம் ஊரில் பழிக்கு ஆளாகும் பெட்டிக்கு வெளியே குற்றவாளிகள் இன்னும் நிறைய. பல மாடல்களில் இந்த மாட்யூல் இருக்கும் இடம் முன்பக்கப் பயணியின் கால் மாட்டில், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் அல்லது கீழே. ஏசியின் குளிர்ச்சியில் ஊறும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் அது சொட்டுவதும் அங்கேதான். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டியில் வைப்பருக்குக் கீழுள்ள வடிகால் இலையால் அடைபட்டு மழைத்தண்ணீர் இறங்குவதும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் பூஞ்சை வாடை அடிக்கும். கப்ளரில் பச்சை நிறப் பாசி போல அரிப்பு படிந்திருக்கும். பிறகு எலிகள். அவற்றைப் பற்றி வண்டி நிறுத்த ஷெட் இல்லாதவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நாமே தேடி மாட்டுகிற வில்லங்கம்: நூறு வாட் பல்பு, இரட்டை ஹாரன், பம்பரில் எல்இடி பட்டை, கம்பியின் தோலைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய ரிமோட் லாக். பழைய வண்டியில் அதிக லோடு கொடுத்தால் ஃப்யூஸ் போகும், அவ்வளவே. பிசிஎம்மில் ரிலேக்குப் பதிலாக விளக்குக்குக் கரண்ட் விடுவது நகத்தளவு குறைக்கடத்திச் சுவிட்ச். தன் கணக்குக்கு மேல் கரண்ட் இழுக்கப்பட்டால் அது கதவை மூடிக்கொள்ளும். அது தன்னைக் காத்துக்கொள்வதை நாம் செத்துவிட்டது என்று படிக்கிறோம்.

செத்ததா, மயக்கமா என்று பார்க்கப் பெரிய வித்தை தேவையில்லை, வரிசை தேவை. முதலில் பேட்டரி: ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே சரிந்து விழக் கூடாது. வோல்டேஜ் சரிந்தால் கணினிகள் உளறும். நல்ல பிசிஎம்மும் அந்த நேரத்தில் பைத்தியம் போலத்தான் நடந்துகொள்ளும். அடுத்தது எர்த். பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தால், கரண்ட் வீடு திரும்ப வேறு வழி தேடி சம்பந்தமில்லாத விளக்குகள் வழியாகப் போகும். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கு மினுக்குவது இதனால்தான். மூன்றாவது, அந்த இரண்டு முறுக்குக் கம்பிகள். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி சாக்கெட்டில் 6, 14 என்ற பின்களுக்கு நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் காட்டும். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று வைத்திருப்பதால் வருகிற கணக்கு அது. 120 என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். இவ்வளவுக்கும் வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

பேட்டரி தூங்கும்போது இறங்கும் நோய்க்கும் இதே போல அளவு உண்டு. வண்டியைப் பூட்டி, கணினிகள் எல்லாம் உறங்கும்வரை அரைமணி நேரம் பொறுத்திருந்து அளந்தால், 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நலம். அரை ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் முழுக்க வடிந்துவிடும், வண்டி கிளம்ப மறுப்பது அதற்கும் வெகு முன்பே. அந்த நிலையில் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தால் எந்த வழியில் கசிகிறது என்று பிடிபடும். பிசிஎம்மைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருப்பது பல நேரம் வேறொருவர்: கதவு மூடியும் மூடவில்லை என்று சொல்லும் ஒரு லாக் சுவிட்ச், பின்னர் மாட்டிய ஒரு மியூசிக் சிஸ்டம். காவலாளியை மாற்றுவதற்கு முன், விடிய விடிய அழைப்பு மணியை அழுத்திக்கொண்டிருப்பது யார் என்று பார்க்க வேண்டாமா?

இவ்வளவு எளிதென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? ஒரு காரணம், சட்டம் திறந்துவிட்ட ஜன்னல் சிறியது. இந்தியாவில் ஓபிடி என்ற தன்சோதனை ஏற்பாடு 2010 ஏப்ரலில் கட்டாயமாகி, 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. நோக்கம் புகைக் கட்டுப்பாடு. ஆகவே இன்ஜினும் புகையும் சம்பந்தப்பட்ட, 'பி' என்று தொடங்கும் கோளாறு எண்களை எந்த ஸ்கேனரும் படிக்கலாம். நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியும் படிக்கும். பாடி சம்பந்தமான 'பி'க்களும் (ஆங்கிலத்தில் அது வேறு எழுத்து), நெட்வொர்க் சம்பந்தமான 'யு'க்களும் அப்படிக் கட்டாயமாகத் திறக்கப்படவில்லை. அவற்றில் பெரும்பகுதியைப் படிக்கவும், பிசிஎம்முக்கு ஓர் உத்தரவு கொடுத்து விளக்கு எரிகிறதா என்று சோதிக்கவும் கம்பெனியின் சொந்தக் கருவியோ அதற்கு நிகரான விலையுயர்ந்த கருவியோ வேண்டும். தெருமுனை எலக்ட்ரீஷியனைத் திறமையில்லாதவர் என்று சொல்வது அநியாயம். கண்ணைக் கட்டிவிட்டுக் கோலம் போடச் சொல்கிறோம்.

சரி, எல்லாச் சோதனையும் முடிந்து பெட்டி உண்மையிலேயே செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில், தவறாக ஜம்ப் கொடுத்த வண்டிகளில் அது நடக்கத்தான் செய்கிறது. டைனமோ என்றால் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. பிசிஎம் அப்படியல்ல. புதுப் பெட்டி எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாமல் வரும். சேசிஸ் எண்ணை அதில் எழுத வேண்டும். இந்த வண்டிக்கு முன் பனிவிளக்கு உண்டா, பின்பக்க வைப்பர் உண்டா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பட்டியலாகச் சொல்லித்தர வேண்டும். பழைய பெட்டிக்குக் கொஞ்சம் உயிர் இருந்தால், ஃபோர்டு வண்டிகளில், அந்தப் பட்டியலை அதிலிருந்தே வாங்கிப் புதியதில் இறக்கலாம்; அறவே பேச்சில்லை என்றால் ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த அமைப்பைச் சேசிஸ் எண் வழியாகக் கம்பெனியின் தரவிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு சாவி. இம்மொபிலைசர் பிசிஎம்மில் இருக்கிறதா மீட்டர் கிளஸ்டரில் இருக்கிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பிசிஎம்மில் என்றால் சாவிகளை அது மறுபடி தெரிந்துகொள்ள வேண்டும். பல ஃபோர்டு மாடல்களில் இரண்டு சாவிகளையும் காட்டினால்தான் அந்தச் சடங்கு முடியும். ரெனோவில் இந்தப் பெட்டியின் பெயர் யூசிஎச். அதற்கும் இன்ஜின் கணினிக்கும் சாவிக்கும் ரகசிய எண் பொருந்த வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் அதே மாடல் வண்டியில் கழற்றிய யூசிஎச் சல்லிசாகக் கிடைக்கலாம். அதை மாட்டினால், புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டு விலாசத்தையே சொல்லிக்கொண்டு நிற்கும். இவை நடந்துகொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கிவிட்டால் பாதி எழுதிய பெட்டி செங்கல்லாகிவிடுவதும் உண்டு. அதனால்தான் தெரிந்தவர்கள் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பார்கள்.

இங்கே பணக்கணக்கு நுழைகிறது. சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசி, தானாக வரும் மின்கோளாறுக்குப் பணம் தராது. வெள்ளத்தில் கெட்டால் தரும். ஆனால் பழுதுச் செலவு வண்டியின் காப்பு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டம் என்று எழுதப்படும். அந்த மதிப்போ ஐந்தாம் வருடத்திலேயே பாதியாகிவிடுகிறது, அதற்குப் பிறகு பேசி முடிவு செய்வதுதான். கணினிப் பெட்டிகளின் விலை அப்படி வயதாவதில்லை. வண்டி கீழே இறங்க, பெட்டி நின்ற இடத்தில் நிற்க, இரண்டு கோடுகளும் சந்திக்கும் நாளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பழுதில்லாத ஒரு வண்டி ஓய்வு பெறுகிறது.

கருவிகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதை முதலில் நான் சொல்லவில்லை. நாட்டின் போட்டி ஆணையம் சொல்லிவிட்டது. ஷம்ஷேர் கடாரியா என்பவர் 2011இல் கொடுத்த புகாரை விசாரித்த ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே பழுது பார்த்தாலே வாரன்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது என்று உத்தரவில் இருந்தது. அறிவுசார் சொத்துரிமை, தகுதியில்லாதவர் கைபட்டால் ஆபத்து என்று நிறுவனங்கள் முன்வைத்த வாதங்களை ஆணையம் ஏற்கவில்லை. விசாரணையை எதிர்த்து ஹூண்டாய் சென்னை உயர் நீதிமன்றம் சென்று 2015இல் தோற்றது. அபராதம் பற்றிய வழக்குகள் மேல்முறையீடுகளில் இழுத்தன. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் பிசிஎம்மைப் பேச வைக்கும் கருவி உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டதா என்று நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

எதிர்வாதங்களில் கனமானது திருட்டு. பிசிஎம்மைத் திறந்துவிட்டால் இம்மொபிலைசரையும் திறந்துவிட்டதாகாதா? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதுக் கார்களில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்ததில், அதனால் கார் திருட்டு சராசரியாகச் சுமார் 40 சதவீதம் குறைந்தது தெரிந்தது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2022இல் பார்த்தது: இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹூண்டாய் கார்களை ஒரு யுஎஸ்பி முனையை வைத்தே திருப்பி ஓட்டிப்போகும் விதத்தை இளைஞர்கள் வீடியோ எடுத்துப் பரப்ப, நகரம் நகரமாக வண்டிகள் காணாமல் போயின. ஆகவே பூட்டு வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. கேள்வி, சாவியை யாரிடம் எந்தக் கணக்கோடு கொடுப்பது என்பதுதான். மூடி வைத்தால் திருடனுக்கும் மூடியிருக்கும் என்று நினைப்பது தவறு. லண்டனில் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 எஸ்யூவி 2022இல் காணாமல் போனது. திருடர்கள் முன்விளக்கின் கப்ளரைப் பிடுங்கி, அங்கே வெளியே தெரிந்த கேன் கம்பியில் ஒரு கருவியைச் செருகி, "சாவி அசல்தான், திற" என்று பொய்ச் செய்தி அனுப்பியிருந்தார்கள். திருடனுக்கு எந்தக் கம்பெனி அனுமதியும் தேவைப்படவில்லை. அனுமதிக்குக் காத்து நிற்பவர் நேர்மையான மெக்கானிக் மட்டும்.

கணக்கோடு சாவி கொடுப்பது எப்படி என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பூட்டு, இம்மொபிலைசர் வேலை செய்யும் வெளித் தொழிலாளர்கள் பின்னணி விசாரிக்கப்பட்டுப் பதிவு பெறுகிறார்கள். யார், எந்தச் சேசிஸ் எண்ணுக்கு, எந்த உரிமையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து, எப்போது ரகசிய எண் வாங்கினார் என்பது பதிவாகிறது. மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு வாக்களித்த பிறகு, 2014 ஜனவரியில் கார் நிறுவனங்களே நாடு முழுவதற்கும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: தம் டீலருக்குத் தரும் சோதனைத் தகவலை நியாயமான விலையில் வெளி ஒர்க்‌ஷாப்புக்கும் தருவோம் என்று. ஐரோப்பாவில் 2018/858 எண் விதிமுறை இதையே சட்டமாக வைத்திருக்கிறது. திருட்டு சம்பந்தப்பட்ட தகவலுக்கு அங்கேயும் தனிச் சான்றிதழ் முறை. இங்கே விற்கும் கம்பெனிகளில் பல அங்கேயும் விற்கின்றன. அங்கே கொடுக்க முடிவதை இங்கே ஏன் கொடுக்க முடியாது என்பதற்கு இதுவரை திருப்தியான பதில் வரவில்லை.

பயிற்சியில்லாதவர் கைபட்டால் ஆபத்து என்பது அடுத்த வாதம். பிரேக் விளக்கும் வைப்பரும் உயிர்காக்கும் விஷயங்கள், உண்மை. ஆனால் அவற்றை இன்று யார் தொடுகிறார்கள்? முறையான கருவி கிடைக்காதவர்கள் தொடாமல் இருந்துவிடவில்லை. திருட்டு மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றி, போர்டிலிருந்து நினைவகச் சில்லைச் சூடாக்கிப் பெயர்த்து, நகல் எடுத்து ஒட்டுகிறார்கள். அதில் அசாத்தியக் கைத்திறன் உள்ளவர்களும் உண்டு, ஆளை மூழ்கடிப்பவர்களும் உண்டு. இருவரையும் வேறுபடுத்திப் பார்க்க வண்டிக்காரருக்கு வழியில்லை. மூடி வைத்ததால் ஆபத்து குறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்தது. பயிற்சிதான் குறை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது: தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐக்கள் டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் நவீன தொழில்நுட்ப மையங்களாக மாற்றப்பட்டிருக்கின்றன, அவற்றில் ஒன்று டஸ்டர் பிறந்த ஒரகடத்திலேயே. கம்பெனி தகவல் இல்லாமல் அங்கே பிசிஎம் பாடம் எடுப்பது நீச்சலைக் கரும்பலகையில் கற்றுத்தருவது போலத்தான். பழசு போனால் என்ன, புது வண்டி வாங்கட்டுமே என்ற வாதமும் உண்டு. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விற்பவர்கள் என்பதற்கு மேல் அதற்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

மத்திய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன. அந்த வருடம் டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலும் திறந்தது. கையேடு, வாரன்டி விவரம், சர்வீஸ் சென்டர் முகவரி ஆகியவற்றை ஓரிடத்தில் திரட்டுவது நல்ல தொடக்கம். ஆனால் செத்த பிசிஎம்முக்கு முகவரி மருந்தாகாது. தேவை இன்னும் குறிப்பானது: ஒரு மாடலின் தயாரிப்பு நிற்கும் நாளில், அந்த மாடலின் ஒவ்வொரு சேசிஸ் எண்ணுக்குமான அமைப்புப் பட்டியலும், பெட்டியை எழுதும் மென்பொருளும், சாவி சேர்க்கும் வழியும், பதிவு பெற்ற எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் கட்டணத்தோடு கிடைக்க வேண்டும். நாட்டை விட்டே போகிற கம்பெனி இவற்றை ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டெல்லி சட்டத்துக்குக் காத்திராமல் தமிழ்நாட்டு அரசே இதைக் கேட்கலாம். கார் ஆலைகளுக்கு நிலமும் வரிச்சலுகையும் தரும் ஒப்பந்தங்களில் எத்தனையோ நிபந்தனைகள் எழுதுகிறார்கள். இந்த ஒன்றை எழுதக் கூடாது என்று யார் சொன்னது? மறைமலை நகர் ஆலையை மீண்டும் திறக்க ஃபோர்டு 2024 செப்டம்பரில் விருப்பக் கடிதம் கொடுத்தது. பழைய ஈகோஸ்போர்ட்காரர்களுக்கு வழி சொல்லும்படி கேட்க அதைவிடப் பொருத்தமான வேளை வராது.

அதுவரை வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. "பிசிஎம் போயிடுச்சு" என்று சொன்னால், என்ன அளந்தீர்கள், எத்தனை வோல்ட், எந்தக் கோளாறு எண் என்று எழுதிக் கேளுங்கள். பெட்டியைக் கழற்றுவதற்கு முன், அதற்குப் பேச்சு இருக்கும்போதே, உள்ளே இருக்கும் அமைப்பைப் படித்து ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தப் பிரதியை ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். பயணி பக்கத்துத் தரைவிரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று இன்று மாலையே தொட்டுப் பாருங்கள். இரண்டாவது சாவியைத் தொலைத்திருந்தால், வண்டி ஒழுங்காகக் கிளம்பிக்கொண்டிருக்கும் இந்த வாரத்திலேயே இன்னொன்று செய்துவிடுங்கள். பிசிஎம் படுத்த பிறகு அதற்கு இன்னும் பல மடங்கு அலைய வேண்டியிருக்கும்.